பத்து லட்சத்துக்கு ஒன்று குறைச்சல்

எனக்கு வாய் அதிகம் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். இப்போதும் சொல்கிறார்கள், நான் மறுப்பதில்லை. அன்னவாசலில் ஐந்தாவது படித்தபோது, ஓயாமல் பேசியதற்காக வாத்தியார் பத்து லட்சத்தை ஏழால் வகுக்கச் சொல்லித் தண்டித்தார். 142857 வந்தது, மீதி ஒன்று. வீம்புக்கு அந்த எண்ணை இரண்டு முதல் ஆறுவரை பெருக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அதே ஆறு இலக்கங்கள் வரிசை குலையாமல் வந்தன. தொடங்கும் இடம் மட்டும் மாறியது. தண்டித்தவரிடம் இதைச் சொல்வானேன் என்று எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

ஆறாவது படிக்கப் புதுக்கோட்டையில் அத்தை வீட்டுக்குப் போக வேண்டும். குடும்பத்துக்குப் பெரியவரான பெரியப்பா, பொம்பளைப் பிள்ளைக்கு அஞ்சாவதே அதிகம் என்றுவிட்டார். அப்பா வழக்கம்போல மேலே ஓட்டைப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"லட்சக் கணக்கை மனசுலயே பெருக்குறேன். சரியாச் சொன்னா அனுப்புவீங்களா?" என்றேன்.

பெரியப்பா சிரித்துக்கொண்டே சம்மதித்தார். பெருக்க வேண்டிய எண்ணை நானே சொன்னேன், 142857. மூன்றால் என்றார், 428571 என்றேன். ஐந்தால் என்றார், 714285 என்றேன். சிலேட்டில் சரிபார்த்த அவர் மகன்தான் காரியத்தைக் கெடுத்தான்.

"அதே நம்பர்தாம்ப்பா சுத்திச் சுத்தி வருது!"

"அப்படியா சங்கதி? ஏழால பெருக்கு."

ஏழில் எண் சுற்றாது. ஆனால் அந்த மீதி ஒன்று எனக்கு மறக்கவில்லை.

"பத்து லட்சத்துக்கு ஒண்ணு கொறச்சல்."

பெரியப்பா மகன் சிலேட்டில் ஆறு ஒன்பதுகளை எழுதிவிட்டு வாயைப் பிளந்தான். பெரியப்பா அதைப் பார்க்கவே இல்லை.

"கொறச்சல்னு நீயே சொல்லிட்டியே. தோத்துட்ட, போ."

"கணக்குல கொறச்சல் இல்ல பெரியப்பா. நீங்க குடுத்த வாக்குலதான் கொறச்சல்!"

கணவரின் அண்ணன் எதிரில் அம்மா வந்து நிற்பதும் இல்லை, பேசுவதும் இல்லை. அன்று கதவுக்குப் பின்னாலிருந்து விடுவிடுவென்று வந்து என் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். முகத்தை அவர் பக்கம் திருப்பாமல் என்னைப் பார்த்தே கத்தினாள்.

"பெரியவங்கள எதுத்துப் பேசுற நாய் இங்கிட்டு இருக்கக் கூடாது. ஒங்க அத்தை வீட்டுல போயிப் படிச்சுத் தொலை!"

தனக்காகவே அடித்தவளைப் பெரியப்பா என்ன சொல்லித் தடுப்பார்? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

மறுவாரம் பஸ் ஏறினேன். கணக்கில் ஜெயித்தவளை அடித்துத் துரத்திவிட்டாளே என்று எனக்கு அம்மா மேல்தான் ஆத்திரம். பஸ் கிளம்பும்வரை அவள் ஜன்னலோரம் நின்றாள். நான் கடைசிவரை திரும்பிப் பார்க்கவில்லை.