நடுவர் கேட்ட பாடு

பழவேற்காட்டுப் பிள்ளைகளுக்கு எந்தப் பேச்சுப் போட்டிக்கும் டச்சுக்காரன் ஒருத்தன் போதும். வந்தான், கோட்டை கட்டினான், துணி ஏற்றினான், செத்தான், எலும்புக்கூடு செதுக்கிய வாசலுக்குப் பின்னால் கல்லறையில் படுத்தான். ஆறாம் வகுப்பில் டீச்சர் எனக்கு எழுதிக் கொடுத்த ‘எங்கள் ஊர் வரலாறு’ அவ்வளவுதான். எங்கள் ஊரில் உயிரோடு இருந்த ஒருவரும் அதில் இல்லை.

போட்டி திருவள்ளூரில். நைனாதான் கூட்டிப்போனார். ஏன் அன்றைக்கு வலைக்குப் போகவில்லை என்று நான் கேட்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்த பெருமையில் இருந்தேன்.

முன்வரிசை டவுன் பிள்ளைகள் என்னைப் பார்த்து, “மீன் வாடை வருதுல்ல?” என்று மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். மேடை ஏறினேன். டச்சுக்காரன் கப்பலேறிப் போய்விட்டான், ஒரு வார்த்தை வரவில்லை. 

நடுவர் நல்ல மனுஷர். “பேச்சு மறந்துடுச்சா? பரவாயில்லம்மா, பாடு” என்றார்.

அவர் கேட்டது பாட்டு என்று எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் தெருவில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். அட, இதைத்தானே கேட்கிறார் என்று பிடித்துக்கொண்டேன்.

“பாடுன்னா இன்னான்னா சார், ஏரியில நல்ல எடம் கொஞ்சந்தான், ஊடு நெறைய. அதனால சீட்டு குலுக்கி, மொற வெச்சிக்கினு வலை போடுவோம். இன்னிக்கு உன் பாடுன்னா உன் பாடுதான். எவ்ளோ பெரிய ஆளும் நடுவுல பூரக்கூடாது. ஆனா நீ வரலன்னா போச்சு, உனக்கோசரம் யாரும் இன்னொரு நாள் தரமாட்டாங்க. கோட்டை இடிஞ்சி போச்சி சார், பாடு இன்னும் இருக்குது!”

ஹாலே அதிர்ந்தது. நைனா கடைசி வரிசையில் எழுந்து நின்று விசிலடித்தார். யாரோ “ஒக்காருய்யா” என்று அதட்டியும் கேட்கவில்லை. முதல் பரிசு எனக்கு! மூக்கைப் பொத்தியவர்களில் ஒருத்தியே வந்து கப்பைத் தொட்டுப் பார்த்தாள். தாராளமாகப் பார்க்கவிட்டேன்.

திரும்பும்போது கப்பு நைனாவின் மடியில் இருந்தது. “இன்னொரு நாள் தரமாட்டாங்கன்னு சொன்ன பாரு, அதாம்மா டாப்பு” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஊரில் இறங்கியதும் பக்கத்து வீட்டு மாமா ஓடிவந்தார். “இன்னா மச்சான், இன்னிக்கு உன் பாடாச்சே, எங்க போய்ட்ட? எறா அப்பிடி பட்டுது. உனக்கு இன்னா கெடச்சிது?”

நைனா கப்பைத் தலைக்கு மேல் தூக்கினார். “இதான் என் பாடு!”

கப்பு போய் வலையில் படுமா? நைனாவுக்குப் பாடு என்றால் என்னவென்றே தெரியவில்லை என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.