பிலோமினா டீச்சர் திருத்திய நட்சத்திரம்

மீன் விற்கும் அந்தோணியம்மா எங்கள் தெருவுக்குள் வருவதில்லை. வந்தால் எத்தனை கதவுகள் சாத்தப்படும் என்று மயிலாப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போன வாரம் ஒருநாள் காலை, கூடையில்லாமல் வந்து எங்கள் வாசலில் நின்றாள்.

"யம்மா, நம்ம பிலோமினா டீச்சரு பூட்டாங்கம்மா. ஜுரமாக் கீதுன்னாங்க. காலீல மாதா கோயில் மணி அடிச்சப்பதான் தெரிஞ்சுது."

சாந்தோம் பெண்கள் பள்ளியில் அவர் கணக்கு ஆசிரியை, நான் தமிழாசிரியை. அடுத்தடுத்த வகுப்பறைகள். அடக்கம் முடிந்த மறுநாள், அவர் உறுப்பினராயிருந்த வானநோக்குச் சங்கம் இரங்கல் கூட்டம் நடத்தியது. "ஓய்வு நேரத்தில் நட்சத்திரம் பார்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டிருந்த பக்தியுள்ள ஆசிரியை" என்று தீர்மானம் வாசித்தார்கள்.

பொழுதுபோக்காம்! அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சில நட்சத்திரங்களின் ஒளி ஒரே அளவில் நிற்பதில்லை, கூடும், குறையும். ஏன் என்பதை வைத்து அவற்றை வகை பிரிப்பார்கள். துணை நட்சத்திரம் ஒன்று குறுக்கே வந்து மறைப்பதால் மங்குவது ஒரு வகை. தானே விம்மித் தானே சுருங்குவதால் மாறுவது இன்னொன்று. முன்னது சீராக எரிந்துகொண்டிருந்து சட்டென்று மங்கி, பழையபடி மீளும். பின்னது பெரும்பாலும் விறுவிறுவென்று ஏறி, மெல்ல மெல்ல இறங்கும். தென்வானத்தில் மங்கலான நட்சத்திரம் ஒன்றை முதல் வகை என்று எப்போதோ எழுதி வைத்திருந்தார்கள். டீச்சருக்கு அதில் சந்தேகம் விழுந்தது. "யாரோ நாலு தடவை பார்த்துட்டு எழுதியிருக்காங்க. இறங்கறதை மட்டும் பார்த்தா மறையற மாதிரிதான் தெரியும். ஏறும்போது யார் பார்த்தா?" என்பார். அவர் பார்த்தார். பக்கத்திலுள்ள மாறாத நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு ஒளியை மதிப்பிடுவார். வானம் தெளிவாயிருந்த எந்த நாளையும் விடமாட்டார்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பாதி மயிலாப்பூர் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடிய வருஷம் அது. விளக்கணைப்பு உத்தரவு அமலில் இருந்தது. ஒருநாள் இருட்டத் தொடங்கிய நேரம், நானும் அவர் வீட்டு மாடியில் இருந்தேன். வான்படத்தைப் பார்க்கச் சிவப்புக் காகிதம் சுற்றிய டார்ச்சைக் கைக்குள் மூடி வைத்திருந்தார். திடீரென்று, தெருவில் விளக்கணைப்பைக் கண்காணிக்கும் வார்டன் ஒருவர் ஏறி வந்தார்.

"கப்பலுக்கு சைகை காட்றியாம்மா?"

டீச்சர் நகர்ந்து தொலைநோக்கிக்கு வழிவிட்டார். "கண்ணை வச்சு நீங்களே பாருங்க. இதுல கப்பல் தெரியுதா சொல்லுங்க."

அவர் பார்க்கவில்லை. ஒரு நிமிஷம் குனிந்து பார்க்க அந்த மனிதருக்கு என்ன கேடு? டீச்சரின் காலஞ்சென்ற தகப்பனார் மவுண்ட் ரோட்டு ஏலத்தில் எடுத்துக் கொடுத்த தொலைநோக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு, எங்கள் இருவரையும் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடத்திப்போனார்.

சேதி பரவிக் குப்பத்து ஜனங்கள் ஸ்டேஷன் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அந்தோணியம்மாதான் முன்னால் நின்று பேசினாள். "எங்க ஆளுங்க இப்பதான் கடல்லேர்ந்து கரையேறினாங்க சார். ஒரு பொட்டு வெளிச்சம் தெரியல. இது மேல பாத்துகினு கீற டீச்சரு. கடலைப் பாக்குற டீச்சரு இல்ல."

இன்ஸ்பெக்டர் இறங்கி வந்தார். "கவனமில்லாம வெளிச்சம் காட்டிட்டேன், மன்னிக்கணும்னு ஒரு வரி எழுதிக் கொடுத்துட்டுக் குழாயை எடுத்துட்டுப் போங்கம்மா."

"வெளிச்சம் வெளியே போகவே இல்லையே. இல்லாததை இருந்ததுன்னு எப்படிங்க எழுதறது?"

எழுதவில்லை. எங்களை விட்டுவிட்டார்கள், தொலைநோக்கியை விடவில்லை. பெரிய மனிதர் யாராவது வந்து சொன்னால் தரலாம் என்றார்கள்.

மறுநாள் பள்ளி விட்டதும் நாங்கள் இருவரும் கோபாலபுரத்துக்குப் போனோம். சங்கத் தலைவரின் பங்களா அங்கேதான். ஓய்வுபெற்ற இன்ஜினீயர், சர்க்காரிடம் கௌரவப் பட்டம் எதிர்பார்த்துக்கொண்டிருந்தவர். எங்களை உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தார். "யுத்த காலம் பாருங்கோ. நான் போய் வாயைத் திறந்தா என்னையும்னா சந்தேகப்படுவா! எல்லாம் ஓயட்டும், பாத்துக்கலாம்" என்றார். டீச்சரின் வேலை என்னவென்று அந்த ஊரிலேயே நன்றாக அறிந்த மனிதர் அவர். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வெளியே வந்ததும் நான் கொதித்தேன். டீச்சர், "பயந்துட்டார் பாவம்" என்று மட்டும் சொன்னார்.

கிண்டிப் பந்தயத்துக்குப் போகிற அண்ணன் ஒருவர் அவருக்கு இருந்தார். குதிரை பார்க்கும் அவருடைய பைனாகுலரைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அதே மாடியில், டார்ச்சே இல்லாமல் டீச்சர் வேலையைத் தொடர்ந்தார். வான்படம் அதற்குள் அவருக்கு மனப்பாடம். ஊர் இருண்டு கிடந்தது அவருக்கு வசதியாகக்கூடப் போயிற்று. நட்சத்திரம் விறுவிறுவென்று ஏறுவதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். சண்டை முடிந்ததும், தான் கண்டதையெல்லாம் வெளிநாட்டு வானியலாருக்கு எழுதினார். அவர்களும் சரிபார்த்து நட்சத்திரத்தை இரண்டாம் வகைக்கு மாற்றினார்கள். தொலைநோக்கியும் திரும்பி வந்தது, குழாய் நசுங்கி, கண்ணாடி விரிசல் விட்டு. யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை.

இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் அதே இன்ஜினீயர்தான். சங்கம் கொடுத்த ஊக்கத்தால் டீச்சர் மிளிர்ந்தார் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் எழுந்தேன்.

"பொழுதுபோக்குங்கறதை எடுத்துட்டு, நட்சத்திரத்தோட வகையைத் திருத்தினவர்னு போடுங்கோ. ஊக்கங்கறதையும் எடுத்துடுங்கோ. எந்த ஊக்கம்னு உங்களுக்கே தெரியும்."

"இரங்கல் கூட்டத்துல இதெல்லாம் வேண்டாமே அம்மா."

"பின்னே எங்கே சொல்லட்டும்?"

தீர்மானம் அப்படியே நிறைவேறியது. எல்லோரும் எழுந்து மௌனம் காத்தார்கள். அந்த மௌனத்தில் அவர்களுக்கு நல்ல பழக்கம் உண்டு.

டீச்சர் அவர்களை மன்னித்திருப்பார். என்னால் முடியவில்லை, முடிய வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. அவரை அறிந்த நீங்களாவது, பேச்சு வரும்போது, அவர் செய்தது இன்னதென்று சொல்லுங்கள்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது என்ன என்பது நேற்றுத்தான் எனக்குத் தெரிந்தது. என் வகுப்புக்குப் புதிதாக வந்திருக்கும் ஒரு பெண்ணின் பெயருக்கு எதிரே "மந்தம்" என்று குறித்துத் தரும்படி தலைமையாசிரியை கேட்டார். "போன வருஷம் எல்லா டீச்சரும் அப்படித்தான் எழுதியிருக்காங்க" என்றார்.

"நான் இன்னும் பார்த்து முடிக்கலை" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன்.