ஏழாம் நாள் இழுப்பு

பாப்பிரெட்டிப்பட்டியைச் சுற்றியுள்ள ஏழெட்டு ஊர்களில் பிரசவம் என்றால் செல்லியைத்தான் கூப்பிடுவார்கள். மருத்துவச்சி வேலை அவளுக்கு மாமியார் வழியில் வந்தது. முப்பத்தைந்து வயதுக்குள் இருநூறு பிரசவத்துக்கு மேல் பார்த்துவிட்டாள். கைராசிக்காரி என்று பேர். அந்தப் பேரை வைத்துக்கொண்டே அவள் காலத்தை ஓட்டியிருக்கலாம்.

1934ஆம் வருஷம் ஆடி மாதம் உள்ளூர்க் கோவிந்தம்மாளுக்குச் செல்லியின் கையில் முதல் பிள்ளை பிறந்தது. கொழுகொழுவென்று ஆண் பிள்ளை. ஏழாம் நாள் காலை அது பால் குடிக்க வாய் திறக்கவில்லை. தாடை இறுகிப் போய், முதுகு வில்லாக வளைந்து, பொழுது சாய்வதற்குள் அடங்கிவிட்டது. யாரும் செல்லியைக் குறை சொல்லவில்லை. ஏழாம் நாள் இழுப்பு எல்லா ஊரிலும் இருப்பதுதான், பத்துக்கு இரண்டு அப்படிப் போகும், மற்ற மருத்துவச்சிகளிடம் இன்னும் அதிகமாகப் போகிறதே என்று கோவிந்தம்மாளின் மாமியாரே செல்லிக்கு ஆறுதல் சொன்னாள்.

அந்த ஆறுதலைத்தான் செல்லியால் தாங்க முடியவில்லை. அந்த ஒரு வருஷத்தில் அவள் எடுத்த பிள்ளைகளில் நான்கு இதே மாதிரி போயிருந்தன. வீடு வேறு, சாதி வேறு, கும்பிடும் சாமி வேறு. நான்குக்கும் பொதுவாக இருந்தது அவள் ஒருத்திதான். அதை நினைத்துக்கொண்டே விடியற்காலையில் கிளம்பி அரூர் வரைக்கும் நடந்தாள். அங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. லூர்துமேரி என்ற நர்ஸ் அதில் பிரசவம் பார்த்தாள். வயது இருபத்துமூன்றுதான்.

செல்லி விஷயத்தைச் சொன்னதும் லூர்துமேரி ஒன்றுதான் கேட்டாள்.

"தொப்புள்கொடியை எதால அறுக்கறீங்க?"

"அந்தந்த வூட்டு அருவாதாங்கம்மா."

"புண்ணு மேல என்ன வெக்கறீங்க?"

"சாணிச் சாம்பல்."

கண்ணுக்குத் தெரியாத விஷம் சாணியிலும் அழுக்கு இரும்பிலும் இருக்கும், அறுத்த கொடி வழியாக உள்ளே போய் ஒரு வாரத்தில் அது வேலையைக் காட்டும் என்று லூர்துமேரி பக்குவமாகச் சொன்னாள். செல்லி எழுந்து வெளியே வந்துவிட்டாள். அரூர் எல்லைப் புளியமரம் வரை போனவள் அதற்கு மேல் நடக்க முடியாமல் உட்கார்ந்தாள். இந்த நர்ஸுக்கு என்ன தெரியும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். ஊரில் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் சாம்பலை எடுத்துத் தடவிய தன் விரல்களை அவளால் பார்க்க முடியவில்லை. வெகுநேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

"மொதல்ல இருந்து எனக்குச் சொல்லிக் குடுங்கம்மா" என்றாள் லூர்துமேரியிடம்.

எழுதப் படிக்கத் தெரியாதவளை ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குச் சேர்க்க வழியில்லை. துணி துவைக்கிறேன், தரை கழுவுகிறேன் என்று சொல்லி அங்கேயே தங்கினாள். நகத்தை ஒட்ட வெட்டவும், சோப்புப் போட்டு முழங்கைவரை தேய்க்கவும், கத்தரியையும் நூலையும் கொதிக்கவைக்கவும் கற்றுக்கொண்டாள். ஒரு மாதம் ஆனதும், இது போதும், மற்ற மருத்துவச்சிகளைவிட நீங்கள் எவ்வளவோ மேல் என்று லூர்துமேரி ஊருக்கு அனுப்பப் பார்த்தாள்.

"மத்தவங்க எப்படின்னு எனக்கு எதுக்குங்கம்மா? என் கையில ஒண்ணுகூடப் போகக் கூடாது" என்றாள் செல்லி. இன்னும் இரண்டு மாதம் இருந்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

ஊரில் அவளுக்கு வரவேற்பு இல்லை. தண்ணீர் கொதிக்கும்வரை தாயைத் தொட மாட்டேன், சாம்பல் வைக்க மாட்டேன் என்றதும் பெரியவர்களுக்குக் கோபம் வந்தது. தலைமுறை தலைமுறையாகச் செய்ததைக் குற்றம் சொல்கிறாளே என்றார்கள். வேறு மருத்துவச்சியைக் கூப்பிட்டார்கள். அவர்கள் மனசுக்காக ஒரு சிட்டிகை சாம்பல் வைத்துவிட்டு வந்தால்தான் என்ன என்று அவள் புருஷன் மாரியப்பன் கேட்டான். அவள் கடலைக்காய் பறிக்கக் கூலிக்குப் போனாளே தவிர, சாம்பலைத் தொடவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே போனது.

கோவிந்தம்மாள் மறுபடி உண்டானாள். வலி எடுத்தபோது மாமியார் வேறொருத்திக்கு ஆள் அனுப்பினாள். கோவிந்தம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். பிள்ளை சாகக் கூடாதென்று அரூர் வரை போய்க் கற்றுவந்த செல்லியக்கா வந்தால்தான் பாயில் படுப்பேன் என்று சொல்லிவிட்டாள்.

பெண் பிள்ளை பிறந்தது. செல்லி தினமும் வந்து கைகழுவித் தொப்புளைப் பார்த்தாள். ஏழாம் நாள் விடிந்ததிலிருந்து அந்த வீட்டைவிட்டு அசையவில்லை. பிள்ளை வாய் நிறையப் பால் குடித்தது. எட்டாம் நாளும் குடித்தது. அன்றைக்கு அவள் கோவிந்தம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள்.

"மொதப் பிள்ளை என் கையாலதான் போச்சு கோவிந்தம்மா. அப்ப எனக்குத் தெரியல."

கோவிந்தம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். செல்லி வீட்டுக்குப் போய்ச் சோறு உண்ணவில்லை. இனி அந்த வாசலை மிதிக்க முடியாது என்று நினைத்தாள். மறுநாள் காலை, பிள்ளையைக் குளிப்பாட்ட வரச்சொல்லிக் கோவிந்தம்மாளிடமிருந்து ஆள் வந்தது.

அந்தப் பிள்ளை தவழ ஆரம்பிப்பதற்குள் ஊர்கள் ஒவ்வொன்றாகச் செல்லியிடம் திரும்பிவிட்டன. அவள் அறுத்த கொடியால் அதற்குப் பிறகு ஒரு பிள்ளைக்கும் இழுப்பு வரவில்லை.

1943இல் சித்தேரி மலையிலிருந்து காளியன் ஓடிவந்தான். அவன் மனைவி கருப்பிக்கு இரண்டு நாளாக வலி. செல்லி மலையேறிப் போய்ப் பார்த்தபோது பிள்ளையின் கை மட்டும் வெளியே வந்திருந்தது. இழுக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். கம்பில் போர்வையைக் கட்டித் தூளியாக்கிக் கருப்பியை இறக்கி, அடிவாரத்திலிருந்து வண்டியில் அரூருக்குக் கொண்டுபோனார்கள். கருப்பி பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. இவ்வளவு தூரம் கொண்டுவந்து தாயைக் காப்பாற்றினீர்களே என்றாள் லூர்துமேரி. இது முன்கூட்டியே தெரிந்திருக்குமா என்று கேட்டாள் செல்லி. கடைசி மாதத்தில் வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் பிள்ளை குறுக்கே கிடப்பது தெரியும் என்று லூர்துமேரி சொன்னாள். அதைக் கற்றுக்கொள்ளச் செல்லி இன்னும் பத்து நாள் அங்கே தங்கினாள்.

அதன்பின் மாதத்துக்கு ஒருமுறை சித்தேரிக்கு ஏறினாள். கூப்பிடாமலே போய்க் கர்ப்பிணிகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். ஐந்து வருஷத்தில் ஆறு பெண்களை வலி எடுக்கும் முன்பே அரூருக்கு அனுப்பினாள். ஐந்து பேர் கையில் பிள்ளையோடு மலையேறினார்கள். ஆறாவது பிள்ளை ஏன் தவறியது என்று கேட்டுவர, அந்த வாரமே செல்லி அரூருக்குப் போனாள்.