மெயின் ஆஃப் பண்ணியாச்சா?

பதினான்கு வருடம் மின்சாரத்தைக் கரும்பலகையில் வைத்தே நடத்தினேன். கோடு கிழித்து, பேட்டரி போட்டு, பல்பு வரைந்தால் அது எரியும். எரியவில்லை என்று சொல்ல வகுப்பில் யாருக்கும் தைரியம் கிடையாது. உத்திரமேரூருக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளி. நான் அங்கே இயற்பியல் வாத்தியார்.

ஒருநாள் ஆசிரியர் அறையில் மின்விசிறி நின்றுவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மேசைமேல் ஏறி அண்ணாந்து பார்த்தேன். ஓம் விதி முழுவதும் நினைவுக்கு வந்தது, விசிறி மட்டும் சுற்றவில்லை. அப்புறம் வந்த வயர்மேன் கெப்பாசிட்டரை மாற்றிவிட்டு, "இன்னா சார், இத்தினி வருசமா பசங்களுக்கு இன்னாதான் சொல்லிக் குட்த்துக்கினு கீறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். மூன்று நாள் அவர்மேல் கோபமாக இருந்தேன். நான்காம் நாள் அவர் வீட்டுக்கே போய், ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களோடு வேலைக்கு வரட்டுமா என்றேன். அப்படித்தான் ஆரம்பித்தது. வயர்மேன் பரீட்சையில் தேறியதும் பள்ளிக்கூடத்தை விட்டேன். என் மனைவி இரண்டு வாரம் பேசவில்லை. பிறகு பேசிய முதல் பேச்சு, சமையலறை ஸ்விட்சைக் கொஞ்சம் பாருங்கள் என்பதுதான்.

தொழில் ஓரளவு பிடிபட்டதும் இரண்டு பேர் என்னிடம் பழக வந்தார்கள். இருவரும் ஐ.டி.ஐ. முடித்தவர்கள், இருவரும் என் பழைய மாணவர்கள். ஒருத்தன் விவசாயக் குடும்பத்துப் பையன், நல்ல உயரம். இன்னொருத்தி நடவுக்கும் களைக்கும் போகிற அம்மாவின் மகள், அதிகம் பேசமாட்டாள். என்னிடமே படித்தவர்கள், சொன்ன பேச்சைக் கேட்பார்கள் என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம்தான் என்னைக் கொல்லப் பார்த்தது.

முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. நான் வந்தால் எழுந்து நிற்பார்கள், கட்டிக்கொண்டிருக்கிற வயரோடு. உயரமானவன் ஏணியின் உச்சியில் நின்றுகொண்டு, பிடியை விட்டுவிட்டு ஒரு கையைத் தூக்குவான். என்னடா என்று பதறினால், "சார், ஒரு டவுட்" என்பான். ஒருநாள் சுண்டு விரலைத் தூக்கிக் காட்டினான். பதினெட்டு அடி உயரத்தில் இருக்கிறவனுக்கு நான் வெளியே போக அனுமதி கொடுத்தேன்.

பிறகு ஒரு வயல் மோட்டார் வேலை வந்தது. கொட்டகைக்குள் உட்கார்ந்து ஸ்டார்ட்டரைத் திறந்தேன். "மெயின் ஆஃப் பண்ணியாச்சா?" என்று கேட்டேன். "ஆச்சு சார்!" என்று இரண்டு குரலும் சேர்ந்து வந்தன. நம்பிக் கை வைத்தேன். அடுத்து எனக்குத் தெரிந்தது, வெளியே வாய்க்காலில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதுதான். பல் கிட்டிப்போயிருந்தது. மோட்டார்க்காரர் தென்னை மட்டையை ஓங்கியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், அடிக்கலாமா வேண்டாமா என்று.

"ஆஃப் பண்ணலையே, ஏன்டா ஆச்சுன்னு சொன்னீங்க?"

அந்தப் பெண்தான் பதில் சொன்னாள். "நீங்க கேட்டா ஆமான்னுதான் சார் சொல்லுவோம். அப்பதான அடுத்த பாடத்துக்குப் போவீங்க. ஒருவாட்டி நான் புரியலன்னு சொன்னேன். பீரியடு முடியறவரிக்கும் நிக்க வெச்சீங்க."

எனக்கு அது நினைவில்லை. நினைவில்லாததுதான் சுருக்கென்று இருந்தது. எத்தனை பேரை அப்படி நிற்கவைத்திருப்பேன்? பதினான்கு வருடம் "புரிஞ்சுதா?" என்று கேட்டு, "புரிஞ்சுது சார்" என்று வந்த கோரஸை அறிவு என்று நம்பியிருக்கிறேன். இப்போது அதே கோரஸ் இவர்களில் ஒருவரைக் கம்பத்திலிருந்து பிணமாக இறக்கிவிடும். இந்த இரண்டு பேரை என் முகத்துக்கு எதிரே "இல்லை" என்று சொல்லவைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் கிடையாது.

பயிற்சி ஆரம்பித்தேன். "எர்த் வயர் தண்டம். வெட்டிடலாமா?" என்பேன். "வெட்டிடலாம் சார்" என்று உயரமானவன் கட்டிங் பிளேயரோடு நிற்பான். கண்டபடி திட்டினேன். திட்டுக்கும் "சரி சார்" என்றான். கடைசியில், ஒவ்வொரு "இல்லை"க்கும் ஒரு மசால்வடை என்று அறிவித்தேன். பேஜார் அதற்கப்புறம்தான் பிடித்தது. எதைக் கேட்டாலும் இல்லை. தொப்பலாக நனைந்துகொண்டு மழை பெய்யவில்லை என்றார்கள். மெயினை நிஜமாகவே ஆஃப் செய்துவிட்டு, "இல்ல சார்" என்று வடைக்குக் கை நீட்டினார்கள். டீக்கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

வாயை நம்புவதை விட்டேன். புது ஏற்பாடு இதுதான்: மேலே வேலை நடக்கும்போது மெயினிலிருக்கிற மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கி அந்தப் பெண்ணின் தோள்பையில் போட்டுவிட வேண்டும். ஏணியில் இருப்பவருடைய இரண்டு காலும் தரையில் பட்ட பிறகுதான் அவை வெளியே வரலாம். யார் கேட்டாலும் தரக்கூடாது. "யார் கேட்டாலுமா சார்?" என்றாள். "யார் கேட்டாலும்" என்றேன், பெரிய மனதோடு.

திருமுக்கூடல் போகிற சாலையில் ஒரு மண்டபம். அங்கே காதுகுத்து. பகல் பதினொரு மணிக்குக் கரண்ட் போய்விட்டது. வாசல் பக்கம் மேலே, மெயினிலிருந்து மண்டபத்துக்குள் லைன் போகிற இடத்தில் வயர் கருகியிருந்தது. கட்டைகள் பைக்குள் போயின, நான் ஏணியில் ஏறினேன். கீழே கிரைண்டர் நின்றுபோய் சமையல்காரர் கத்தினார். மைக் நின்றுபோனதால் தாய்மாமன் மைக் இல்லாமலே கத்தினார். "வாத்தியாரே, நல்ல நேரம் போய்க்கினே கீது! ஆசாரி ஊசிய வெச்சிக்கினு குந்திக்கினு கீறாரு. லைன குடுய்யா!"

வியர்வை கண்ணில் வழிந்தது. நூறு பேர் அண்ணாந்து என்னையே பார்த்தார்கள். முக்கால்வாசி பேர் என்னிடம் படித்தவர்கள் அல்லது படித்தவர்களைப் பெற்றவர்கள். மானம் போகிறதே என்று, "முடிஞ்சிருச்சு! கட்டையப் போடும்மா" என்றேன்.

"சரி சார்" என்று உயரமானவன் பாய்ந்தான். அவள் பையை மார்போடு கட்டிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

"மாட்டேன் சார்."

"நான் சொல்றேன், போடு!"

"நீங்க மேலதான் சார் கீறீங்க. எறங்கி வாங்க, தர்றேன்."

கூட்டம் சிரித்தது. "உன் ஸ்டூடண்டே உன்ன மதிக்கல, பாரு" என்றார் தாய்மாமன். எனக்குத் தலைக்கேறியது. வகுப்பறைக் குரல் தானாகவே வெளியே வந்தது. "சொன்னாப் புரியாது உனக்கு? எத்தனை பேர் முன்னால—" என்று திட்டுவதற்கு இடது கையை ஓங்கினேன். கை வரவில்லை. எதுவோ பிடித்து இழுத்தது. திரும்பிப் பார்த்தேன். இன்னும் முறுக்கி முடிக்காத செம்புக் கம்பி, டேப் சுற்றாமல், என் ஆள்காட்டி விரலில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. வலது கை இரும்புக் குழாயைப் பிடித்திருந்தது.

கம்பியை விரலிலிருந்து பிரித்து எடுக்க வெகு நேரம் ஆனது. முறுக்கி, டேப் சுற்றி, ஒவ்வொரு படியாக இறங்கினேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது காலும் தரையில் பட்ட பிறகுதான் பைக்குள் கை விட்டாள். கட்டைகளை எடுத்ததும் ஓரடி பின்னால் போனாள். திட்டு விழும் என்று பயந்துகொண்டேதான் இத்தனை நேரமும் நின்றிருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால், "மன்னிச்சுக்கம்மா" என்றேன்.

"இருக்கட்டும் சார்" என்றாள். "தள்ளி நில்லுங்க. கட்டைய நான் போடறேன்."

தள்ளி நின்றேன்.