துப்பறிவாளருக்குத் துணையாக வந்த படகுக்காரர்

இன்று காலை ஆரம்பாக்கம் டீக்கடையில் என் உதடு கிழிந்தது.

உலகமே அறிந்த கற்பனைத் துப்பறிவாளர் ஒருவரைப் பழவேற்காட்டுக்கு வரவழைத்து, அந்தக் காலத்தில் இங்கே நிஜமாக வாழ்ந்த படகுக்காரர் ஒருவரோடு சேர்த்து இந்தப் பக்கத்தில் தொடர்கதை எழுதுகிறேன் அல்லவா? போன வார அத்தியாயத்தில் படகுக்காரர்தான் கொலைகாரர் என்று முடித்திருந்தேன்.

அவருடைய கொள்ளுப்பேரன் பசியாவரத்திலிருந்து தேடி வந்து என் சட்டையைப் பிடித்தார்.

"எங்க தாத்தாவ கொலகாரன்னு எழுதினது நீதானா?"

"கதைதான்ணா. அந்தத் துப்பறிவாளரே கற்பனை."

முகத்தில் குத்து விழுந்தது. பெஞ்சோடு சரிந்தேன்.

"அவரு கற்பனை, அவருக்கு இன்னா? எங்க தாத்தா நெஜம்டா! ஸ்கூல்ல என் பொண்ண 'கொலகாரன் வூட்டுப் பொண்ணு'ன்னு கூப்புடுறாங்க."

சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் முன்னாலேயே போனில் அந்த அத்தியாயத்தை நீக்கினேன்.

இப்போது கதையில் பிணம் இருக்கிறது, கொலைகாரர் இல்லை. வாரிசே இல்லாத கெட்டவர் யாராவது தெரிந்தால் கமெண்டில் சொல்லுங்கள்.