செல்போன் கடையில் எனக்கு வந்த சோதனைகள்

செல்போன் ரிப்பேர் என்பது அடுத்தவர் அந்தரங்கத்தை மேசை மேல் திறந்து வைத்துக்கொண்டு ஸ்க்ரூவை மட்டும் பார்க்க வேண்டிய தொழில். காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் நான் கடை போட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. பெண் நடத்தும் கடை என்பதால் பெண்கள் நம்பி வருகிறார்கள். பாஸ்வேர்டைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போய்விடுகிறார்கள். போகிறவர்களுக்கு நிம்மதி. உட்கார்ந்திருக்கிறவளுக்கு? உங்களில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைக்கிறவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும். மாதா கோயிலில் ஃபாதர் சோதனையைப் பற்றிப் பிரசங்கம் வைக்கும்போது நான் கொம்பு முளைத்த பிசாசை நினைத்துக்கொள்வதில்லை. என் கடைக்கு வருகிற சோதனை எல்லாம் 'அக்கா' என்று மரியாதையாகத்தான் கூப்பிடும்.

ஸ்டெல்லாவுக்குத் தெரிய வேண்டாம்

பிலோமினாவும் நானும் ஒரே பாடகர் குழு. ஞாயிறு பூசையில் தனிக்குரல் யார் பாடுவது என்பதில் எங்களுக்குள் ஒரு மாதமாகப் பேச்சு சரியில்லை. அந்தச் சமயம் பார்த்து அவள் போனில் டிஸ்ப்ளே உடைந்துவிட்டது. வேறு வழியில்லாமல் என்னிடம் கொடுத்துவிட்டு, முகத்தைக் கூடப் பார்க்காமல் போனாள். புது டிஸ்ப்ளேயைப் பொருத்தி ஆன் செய்தேன். முதலில் வந்து நின்றது குழுவில் ஒருத்தி அனுப்பிய மெசேஜ்: 'ஸ்டெல்லாவுக்குத் தெரிய வேண்டாம்.'

ஸ்டெல்லா என்பது நான்தான். பாஸ்வேர்ட் எழுதிய தாள் என் முழங்கைக்குக் கீழேயே இருந்தது. 'உன்னைப் பற்றித்தானே பேசுகிறார்கள், பார்க்க உனக்கு உரிமை இல்லையா?' என்று மனசு நியாயம் பேச ஆரம்பித்தது. நியாயம் பேச ஆரம்பித்த உடனே எனக்கு உறைத்தது, சோதனை என்பது இதுதான் என்று. நல்ல காரியம் செய்வதற்கு நான் இவ்வளவு வாதாடிப் பழக்கமில்லை. பரலோக மந்திரத்தை மனசுக்குள் தொடங்கி, 'எங்களைச் சோதனையில் விழவிடாதேயும்' என்று வருகிற இடத்தில் நிறுத்தி, அந்த வரியையே நான்கு தரம் சொன்னேன். போனை அணைத்துக் கவரில் போட்டு ஸ்டேப்ளர் அடித்தேன்.

பத்து நாள் கழித்து என் பிறந்தநாள். குழு மொத்தமும் வீட்டுக்கு வந்து ஒரு புடவையைக் கொடுத்தது. சிமெண்ட் மூட்டை நிறம். அப்போதுதான் விஷயம் விளங்கியது. பிலோமினாவைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, அன்றைக்கு நான் பட்ட பாட்டை ஒப்புக்கொண்டேன். அவள் சிரித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அட, அப்பவே பாத்துத் தொலைச்சிருக்கலாம்லக்கா! கலரையாவது மாத்தி எடுத்திருப்போம்."

இறால் வறுவல்

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலத்தில் எங்களில் எல்லாரும் கறியை விடுவார்கள். கடற்கரை ஊரில் பிறந்துவிட்டுக் கறியை விடுவது என்ன ஒறுத்தல் என்று, ஒரு வருஷம் நான் மீனையும் இறாலையும் நாற்பது நாளைக்கு விட்டேன். வீராப்பாகத்தான் விட்டேன். மூன்றாவது வாரம் கிளிஞ்சல்மேட்டில் மீன் வியாபாரம் செய்கிற செல்வி, கடல் தண்ணீரில் விழுந்த போனோடு வந்தாள். மகள் கல்யாணப் படம் முழுக்க அதில்தான் இருந்தது. இரண்டு நாள் போராடி அத்தனையையும் எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் மத்தியானம் டிபன் பாக்ஸோடு வந்து கவுண்டரிலேயே மூடியைத் திறந்தாள். மிளகு போட்டு வறுத்த இறால். சூடு கூட ஆறவில்லை.

"எங்களுக்குத் தபசு காலம் செல்வி, நான் தொடறதில்ல" என்றேன். இன்னும் ஒரு தரம் வற்புறுத்தினால் விழுந்துவிடுவேன் என்று எனக்கே தெரியும். வற்புறுத்த மாட்டாளா என்று உள்ளுக்குள் ஆசையும் இருந்தது. அவளோ கன்னத்தில் போட்டுக்கொண்டு மூடியை அழுத்தி மூடினாள். மாரியம்மனுக்கு விரதம் இருக்கிறவள் அல்லவா!

"மன்னிச்சுக்குங்கக்கா. விரதம் என்னைக்கு முடியுதுன்னு மட்டும் சொல்லுங்க, அன்னிக்குக் காலையில கூடையோட வந்து நிக்கிறேன்."

கெட்டிக்காரி

எப்போதும் ஜெயித்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். அம்பகரத்தூரிலிருந்து ஒரு விவசாயி வந்தார். போன் வந்தால் மணியே அடிப்பதில்லையாம். "எங்க தெருவே பாத்துட்டுது, ஒருத்தருக்கும் புரியல. நீதான் கெட்டிக்காரியாமே" என்றார். வாங்கிப் பார்த்தேன். 'தொந்தரவு செய்யாதே' என்கிற செட்டிங் ஆன் ஆகியிருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் முடிந்தது. ஆனால் கெட்டிக்காரி என்று சொல்லிவிட்டாரே! "உள்ள போர்டைக் கழட்டிப் பாக்கணுங்க, சாயங்காலம் வாங்க" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவர் யோசித்தார். "சம்சாரம் மகளோட தஞ்சாவூர் ஆஸ்பத்திரில இருக்கு. பிரசவத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருக்குன்னாங்க. சரி, வச்சுக்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். நான் செட்டிங்கை மாற்றினேன். இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது, போன் அலறியது. திரையில் 'சம்சாரம்'.

போனைத் தூக்கிக்கொண்டு, கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு ஓடினேன். அம்பகரத்தூர் பஸ் கிளம்ப உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் அவர். மணி அதற்குள் நின்றுவிட்டது. "ஐயா, இதுல ரிப்பேரே இல்லைங்க. நான் பொய் சொல்லிட்டேன். உங்க வீட்டம்மா கூப்பிட்டாங்க, பேசுங்க" என்று மூச்சிரைக்கச் சொன்னேன். பஸ் மொத்தமும் என்னைப் பார்த்தது. அவர் சம்சாரத்தைத் திருப்பிக் கூப்பிட்டார். சத்தத்தை நான் முழுசாக வைத்திருந்ததால் எல்லாருக்கும் கேட்டது: பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் நலம். கண்டக்டர் கை தட்டினார். நான் தலையைக் குனிந்து நின்றேன், திட்டு வாங்க. பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக என் தலையில் கை வைத்தார்.

"நல்லவேளை ஓடியாந்தம்மா, இல்லாட்டி நான் சாயங்காலந்தானே தாத்தா ஆயிருப்பேன்!"

இத்தனை வருஷ சர்வீசில் நான் வென்ற சோதனைகளைவிட, விழுந்து எழுந்து ஓடிப்போய்த் திருத்திக்கொண்டவையே அதிகம் என்பதால், இப்போதெல்லாம் செருப்பு வாங்கும்போதே ஓடத் தோதாகப் பார்த்துத்தான் வாங்குகிறேன்.