ஒரே பானைக் கஞ்சி

இன்று மதியம் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் பஸ்ஸில் போகும்போது போனில் பெண்கள் மாரத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். போனை ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்திருந்தேன். முன்னால் ஓடிய ஐந்து கென்யப் பெண்களும் நம் கரிசல் காட்டில், கருவேல மரங்களுக்கு நடுவே சத்தமில்லாமல் ஓடுவதுபோல் இருந்தது. பாதித் தூக்கத்தில் அது நிஜமாகவே தெரிந்தது.

பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "அம்புட்டுப் பேரும் ஒரே நாடா தம்பி? அப்ப ஊசிதேன்."

அந்த நாட்டில் சிலர் ஊக்கமருந்தில் மாட்டியது உண்மை. நானும் தலையாட்டிவிட்டேன்.

முன்சீட்டில் இருந்த அக்கா திரும்பினார். "எங்க ஊருப் பிள்ளைகளையும் இப்படித்தேன் சொன்னாக. பொங்கலுக்கு நடக்குற ஓட்டப் பந்தயத்துல வருசா வருசம் மொத மூணு எடமும் நாங்கதேன். என்னமோ திங்கிறாகன்னு சுத்துப்பட்டி பூரா பேச்சு. கடைசியில, ஓடுற அத்தன பேரும் முந்துன நாளு கோயில்ல ஒரே பானைக் கஞ்சியத்தேன் குடிக்கணும்னு முடிவு பண்ணுனாக."

"பெறகு?" என்று கேட்டேன்.

"பெறகும் நாங்கதேன்."

பக்கத்து சீட்டுக்காரர் விடவில்லை. "கஞ்சி காய்ச்சுனது யாரு?"

"நாந்தேன்," என்று சிரித்துக்கொண்டே அக்கா அடுத்த ஸ்டாப்பில் இறங்கிப் போய்விட்டார்.

போனைப் பார்த்தால் சிக்னல் போயிருந்தது. ஐந்து பேரும் கரிசலில் அப்படியே நின்றிருந்தார்கள். முன்னால் இருந்தவளின் இரண்டு கால்களும் தரையில் இல்லை.

பார்த்தவர்கள் சொல்லுங்கள், யார் ஜெயித்தது? நாடு எனக்கே தெரியும். அவள் பெயர் வேண்டும்.